247 எழுத்தும் 128 கட்டமும்

கேள்வி இதுதான்: "யூனிகோடு தமிழுக்கு அநீதி செய்துவிட்டது, 247 எழுத்துகளுக்கும் இடம் தராமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று அடிக்கடி படிக்கிறேன். அது உண்மையானால், இத்தனை பேர் கைபேசியில் தமிழில் எழுதித் தள்ளுவது எப்படி?"

அநீதி நடந்தது உண்மைதான். ஆனால் பலரும் விரல் நீட்டுகிற இடத்தில் அது நடக்கவில்லை. யூனிகோடு என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் ஒதுக்கும் பொதுத் தரம். இன்று நீங்கள் எழுதும் எந்தத் தமிழ்ச் சொல்லையும் அது தாங்கும். ஒரு எழுத்தும் விடுபடவில்லை. நம் எழுத்தைப் பற்றி முடிவெடுத்த மேசையில் தமிழ் அறிந்தவர்களின் குரல் வலுவாக ஒலிக்கவில்லை, அந்த முடிவை இனி யாராலும் மாற்ற முடியாது என்பதுதான் என் மனக்குறை. கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் இது விளங்கும்.

1990களில் கணினித் தமிழ் என்பது ஒரு கண்கட்டு வித்தை. பாமினி என்ற எழுத்துருவைப் பாருங்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடமும் பெரிதும் பழகிய எழுத்துரு அது. அதில் திரையில் 'அம்மா' என்று தெரிந்தால், உள்ளே கணினி சேமித்து வைத்திருப்பது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச். எம் என்ற எழுத்தின் படத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் அகரத்தை வரைந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கணினியைப் பொறுத்தவரை அது தமிழே அல்ல. எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மா மறைந்து, ஐந்து உளறல் குறிகள் மிஞ்சும்.

இப்படி ஒவ்வொரு எழுத்துரு தயாரிப்பாளரும் தனித்தனி ஏற்பாடு வைத்திருந்தார். ஒரு நாளிதழுக்கு ஓர் எழுத்துரு, ஒரு வார இதழுக்கு இன்னொன்று. டொரொன்டோவிலோ பாரிசிலோ இருந்த வாசகர் சென்னைப் பத்திரிகையைப் படிக்க முதலில் அதன் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். மின்னஞ்சலில் தமிழ் அனுப்புகிறவர் எந்த எழுத்துருவில் எழுதினேன் என்பதையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தேடுபொறியில் 'காவிரி' என்று தேடினால் ஒன்றும் வராது. அந்தப் பக்கங்களில் காவிரி என்ற சொல்லே இல்லை, அதன் முகமூடி மட்டும்தான் இருந்தது. இணையத் தமிழின் முதல் பத்தாண்டில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இன்று யார் தேடலிலும் அகப்படாததற்குக் காரணம் இதுதான். எழுதியவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

இதைச் சரிசெய்ய முயன்றவர்கள் பலர். அவர்களில் ஏராளமானோர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இலேயே தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் நாடு கடந்து பரவியது. மின்னஞ்சல் குழுவில் மாதக்கணக்காக விவாதித்து, எந்த அரசின் ஆணையும் இல்லாமல் தன்னார்வலர்கள் உருவாக்கிய குறியீடுதான் திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாகத் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டுத் தரங்களையும், தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. தரம் ஒன்று வேண்டும் என்று கூடி, இரண்டைப் பெற்றுக்கொண்டு கலைந்தது நமக்கே உரிய வழக்கம். திஸ்கிக்காரர்கள் திஸ்கியிலேயே இருந்தார்கள், பாமினிக்காரர்கள் பாமினியில்.

இதற்குள் யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கி எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. சரியாகச் சொன்னால், தமிழ் என்ற பெயரில் இந்திய அரசின் இஸ்கி என்ற குறியீட்டுத் தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவம் இருந்தது. இஸ்கியின் எண்ணம் எளிமையானது: இந்திய எழுத்துமுறைகள் எல்லாம் ஒரே வார்ப்பு, எனவே ஒன்றில் எழுதியதைப் பொத்தானை அழுத்தி இன்னொன்றாக மாற்ற வேண்டும். அதனால் ஒவ்வொரு மொழிக்கும் 128 கட்டங்கள் கொண்ட ஒரு பட்டை. எல்லாப் பட்டைகளிலும் க ஒரே வரிசை எண்ணில், ப ஒரே வரிசை எண்ணில்.

தேவநாகரியில் க, ங இரண்டுக்கும் நடுவே இன்னும் மூன்று ககரங்கள் உண்டு. தமிழில் கிடையாது. ஆகவே தமிழ்ப் பட்டையில் க என்று ஒரு கட்டம், அடுத்து மூன்று வெற்றுக் கட்டங்கள், பிறகு ங. இப்படியே ட, த, ப ஒவ்வொன்றுக்குப் பின்னும் மூன்று வெற்றிடம். வாடகைக்கு எடுத்த வீட்டில் முன்பிருந்தவரின் அலமாரிகள் காலியாக நிற்பது போன்ற காட்சி. 128 கட்டங்களில் இன்று 72 மட்டுமே நிரம்பியிருக்கின்றன. அதில் தமிழ் எண்களும் நாள், மாதம், ரூபாய்க்கான குறிகளும் அடக்கம்.

இங்கேதான் இலக்கணக்காரர்களின் முதல் புகார் எழுகிறது. நமக்குப் பள்ளியில் சொல்லித்தந்தது க் + அ = க. யூனிகோடு சொல்வது க + புள்ளி = க். மெய்யை அடிப்படையாக வைக்காமல் உயிர்மெய்யை அடிப்படையாக வைத்துவிட்டார்கள், இது தமிழ் மரபையே தலைகீழாக்குவது என்பது வாதம். ஒருகாலத்தில் நானும் இதைக் கோபத்தோடு சொல்லித் திரிந்திருக்கிறேன். பிறகு தொல்காப்பியத்தின் நூன்மரபைப் பொறுமையாகப் படித்தபோது கோபம் பாதியாகிவிட்டது. மெய் புள்ளி பெறும் என்று சொல்லும் அதே இயல், புள்ளி இல்லாத மெய் தன் உருவிலேயே நின்று அகரத்தோடு ஒலிக்கும், மற்ற உயிர்களோடு சேரும்போது உருவம் திரிந்து ஒலிக்கும் என்றும் சொல்கிறது. ஒலியின் கணக்கு வேறு, கையெழுத்தின் கணக்கு வேறு என்பது தொல்காப்பியருக்குத் தெரிந்திருக்கிறது. கையால் எழுதும்போது நாம் முதலில் க போட்டுவிட்டுத்தான் மேலே புள்ளி வைக்கிறோம். யூனிகோடு செய்வதும் அதுதான். போதாக்குறைக்கு, ஓலைச்சுவடி எழுதியவர்கள் புள்ளியே வைக்காமல் நூற்றாண்டுகளை ஓட்டினார்கள்; எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும்.

எழுத்தின் உருவத்தைக் கருவி தீர்மானிப்பது நமக்குப் புதிதல்ல. ணை, லை, னை போன்றவற்றுக்கு மேலே தும்பிக்கை போட்டு எழுதிய பழைய வடிவங்களை 1978இல் தமிழக அரசு ஆணையிட்டு நீக்கியது. பெரியார் 1930களிலேயே தம் பத்திரிகையில் புழங்கிய சீர்திருத்தம் அது. அச்சுக் கோப்பவருக்கும் தட்டச்சு செய்பவருக்கும் எழுத்து குறையும் என்பது அதன் வலுவான வாதங்களில் ஒன்று. பிறகு உகர, ஊகார வரிசைகளையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற யோசனை எழுந்தபோது, கணினி வந்து அந்த வாதத்தின் காலை வாரிவிட்டது. கு, சு, டு, மு எத்தனை வடிவத்தில் வளைந்தாலும் கணினிக்குக் கவலை இல்லை. அந்தச் சீர்திருத்தம் அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

சரி, நியாயமான புகார் எது? கொரிய மொழி. கொரிய எழுத்தும் நம்முடையதைப் போலவே சில அடிப்படைக் குறிகள் சேர்ந்து அசைகளாக நிற்பது. முதல் பதிப்புகளில் அதற்கும் அரைகுறையான இடம்தான் கிடைத்திருந்தது. கொரியர்கள் தங்கள் தேசியத் தரத்தோடு வந்து நின்றார்கள். 1996இல் வந்த இரண்டாம் பதிப்பில் பழைய இடத்திலிருந்து மொத்தமாக எழுந்து வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்து, 11,172 அசைகளுக்கும் தனித்தனிக் கட்டம் வாங்கிக்கொண்டார்கள். பதினோராயிரம்! நாம் கேட்டது கிரந்தத்தைச் சேர்த்தாலும் முந்நூற்றுச் சொச்சம். அந்தக் குடிபெயர்ப்பால் ஏற்பட்ட குழப்பத்தைப் பார்த்த யூனிகோடு அமைப்பு, ஒருமுறை இடம் கொடுத்த குறியை இனி நகர்த்தவும் மாட்டோம், நீக்கவும் மாட்டோம் என்று விதி செய்துவிட்டது. நாம் கதவைத் தட்டப் போனபோது அந்த விதி தாழ்ப்பாளாக விழுந்திருந்தது. கொரியாவுக்கு ஓர் அரசு, ஒரு தரம், பெரிய கணினித் தொழில். தமிழுக்கு டெல்லி அனுப்பிய இஸ்கி. அரசியல் என்று இதைத்தான் சொல்வேன்.

தமிழக அரசு விட்டுவிடவில்லை. 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் யூனிகோடையும், டேஸ்16 என்ற அனைத்தெழுத்துக் குறியீட்டையும் சேர்த்துத் தரமாக அறிவித்தது. டேஸில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே எண். அழகான ஏற்பாடு. ஆனால் அது உட்கார்ந்திருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில், அதாவது யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் புறம்போக்கில். நீங்கள் டேஸில் எழுதி அனுப்பினால் வாங்குபவரின் கைபேசி வெறும் கட்டங்களைக் காட்டும். பாமினிக் காலத்துக்கே திரும்பிப் போவதற்கு இது சமம் என்பது என் கருத்து. சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும்.

அதே ஆண்டில்தான் இன்னொரு சண்டை. தமிழ்ப் பட்டையில் கூடுதலாக 26 கிரந்தக் குறிகளைச் சேர்க்க வேண்டும் என்ற முன்மொழிவு யூனிகோடு அமைப்பிடம் போனது. காலியாக இருக்கும் அலமாரிகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அது விடை. செய்தி தெரிந்ததும் தமிழறிஞர்களிடமிருந்தும் திராவிட இயக்கத்தாரிடமிருந்தும் கடும் எதிர்ப்பு எழுந்தது. முதலமைச்சர் கருணாநிதி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். கிரந்தத்துக்கு 2014இல் தனியாக வேறொரு பட்டை கிடைத்தது. தமிழ்ப் பட்டையில் அந்த 26 குறிகள் ஏறவில்லை. வடமொழி கலந்து எழுதும் மணிப்பிரவாள நடை பற்றிய சண்டையை நூறு ஆண்டுக்கு முன் மேடையிலும் ஏட்டிலும் போட்டோம். இந்த முறை அதைக் கலிபோர்னியாவில் ஒரு தொழில்நுட்பக் குழுவின் ஆவணப் பட்டியலில் போட வேண்டியிருந்தது. அந்தக் குழுவில் முழு வாக்குரிமை உள்ளவர்களில் பெரும்பாலோர் சந்தா கட்டிய பெரிய கணினி நிறுவனங்கள்.

அன்றாடத் தொல்லைகளுக்கு வருகிறேன். அவை சிறியவை, ஆனால் விடாமல் கடிப்பவை. போன வருடம் ஒரு நூலகத்தின் கணினிப் பட்டியலில் ஸ்ரீ என்று தொடங்கும் ஒரு நூலைத் தேடினேன். இல்லை என்றது. நூல் அலமாரியில் இருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு பொறி தட்டியது. 2005இல் ஶ என்ற எழுத்து யூனிகோடில் சேர்க்கப்பட்டது. அதுவரை ஸ்ரீ என்பதை ஸகரத்தை வைத்து எழுதினோம். அதன்பின் ஶகரத்தை வைத்து எழுதுவதே முறை என்றார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே இரண்டும் வேறு வேறு சொற்கள். நான் ஸகரத்தால் தேடினேன், பட்டியலிட்டவர் ஶகரத்தால் எழுதியிருந்தார். மாற்றி அடித்ததும் நூல் வந்து நின்றது. ஸ்ரீநிவாசன்களும் ஸ்ரீதேவிகளும் எத்தனை பட்டியல்களில் இப்படிக் காணாமல் போயிருப்பார்களோ!

அகர வரிசையும் அப்படித்தான். தமிழ்ப் பட்டையில் ர பக்கத்தில் ற, ல பக்கத்தில் ள, ந பக்கத்தில் ன என்று நாகரி ஒழுங்கில் வைத்திருக்கிறார்கள். தமிழ் வரிசை தெரியாத மென்பொருளிடம் பெயர்ப்பட்டியலைக் கொடுத்தால் வகரம் ழகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அகராதியில் அகம் என்ற சொல்லுக்கு முன்னால் வர வேண்டிய அக்கா பின்னால் வருவாள். இதற்கு யூனிகோடைத் திட்டுவது வீண். தமிழ் வரிசைப்படி அடுக்கும் விதிகள் பொதுவில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. மென்பொருள் எழுதுகிறவர் அதை எடுத்துப் பயன்படுத்தாததுதான் கோளாறு.

அச்சகம் இன்னொரு கதை. உறவுக்காரப் பெண்ணின் திருமண அழைப்பிதழுக்கு வாசகங்களைக் கைபேசியில் அடித்து எங்கள் ஊர் அச்சகத்துக்கு அனுப்பினேன். "சார், இது எங்கள் கணினியில் ஒட்டாது, தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றார் உரிமையாளர். அவரிடம் இருந்தது இருபது வருடப் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். அதற்கு யூனிகோடு தெரியாது. யூனிகோடைப் பழைய எழுத்துருவாக்கும் மாற்றியைப் போட்டு அவர் ஒட்டிக் காட்டியபோது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் எழுத்து அனாதையாக நின்றது. ஊரெங்கும் விளம்பரத் தட்டிகளில் நீங்கள் பார்த்துச் சிரிக்கும் உடைந்த தமிழுக்கு மூலம் இதுதான். கடைசியில் அவரே உட்கார்ந்து முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்தார். மணமகனின் தாத்தா பெயரில் ஒரு பிழை விழுந்தது. அது வேறு பஞ்சாயத்து.

இத்தனை குறைகளுக்கும் பிறகு நான் ஏன் யூனிகோடின் பக்கம் நிற்கிறேன்? அது சிறந்த குறியீடு என்பதால் அல்ல. எல்லோரும் ஒன்றிலேயே இருக்கிறோம் என்பதால். விண்டோஸ் 2000 தமிழைத் தாங்கத் தொடங்கியதும், அடுத்த சில ஆண்டுகளில் இலவசமாகக் கிடைத்த இ-கலப்பை போன்ற தட்டச்சுக் கருவிகளும் சேர்ந்து ஒரு கதவைத் திறந்தன. அதுவரை கணினியில் தமிழ் எழுதியவர் என்றால் தட்டச்சு படித்தவர், அல்லது பத்திரிகை அலுவலகத்தில் இருந்தவர், அல்லது எழுத்துரு வாங்கக் காசு இருந்தவர். 2003க்குப் பிறகு வலைப்பதிவில் எழுத வந்தவர்களுக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. துபாயில் வேலை பார்த்த பொறியாளரும், ஒஸ்லோவில் இருந்த ஈழத்துப் பெண்ணும், மதுரைப் பள்ளி ஆசிரியரும் ஒருவர் எழுதியதை மற்றவர் அப்படியே படித்து, வெட்டி ஒட்டி, மறுத்து எழுதினார்கள். பதிப்பாசிரியரின் மேசையைத் தாண்டாமல் தமிழில் ஒரு பொது வாக்குவாதம் நடக்க முடியும் என்பது அப்போதுதான் நிரூபணமானது. சாதி, பெண், ஈழம் பற்றி அச்சிதழ்கள் வாய்திறக்கத் தயங்கியவை அங்கே பேசப்பட்டன. வசவும் தாராளமாக இருந்தது.

நூல்களின் கதையும் அதே. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாட்டுத் தன்னார்வலர்கள் சங்க நூல்கள் முதல் பாரதி வரை தட்டச்சு செய்தார்கள். முதலில் தனி எழுத்துரு, பிறகு திஸ்கி, கடைசியில் யூனிகோடு என்று அந்தத் தொகுப்பே இரண்டு முறை சட்டை மாற்றிக்கொண்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கி ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் தேடித் தேடி ஏற்றிக்கொண்டிருக்கிறது. ஈழத்து இதழ் ஒன்றின் பெயரைத் தமிழில் அடித்ததும் அது தேடலில் வந்து விழுகிறது என்றால், அதற்குப் பின்னால் அந்தக் குறைபாடுள்ள 128 கட்டங்கள்தான் நிற்கின்றன.

தட்டச்சு முறை பற்றி ஒரு வார்த்தை, கேள்வியில் இல்லாவிட்டாலும். அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. க என்ற விசையை இரண்டு முறை தட்டினால் அதுவே க்க என்று புள்ளி வைத்துக்கொள்ளும். தமிழின் புணர்ச்சி தெரிந்த ஒருவர் உட்கார்ந்து யோசித்த வேலை. பதினைந்து வருடமாக அதில்தான் எழுதுகிறேன். ஆனால் பெரும்பாலோர் அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக வாங்குகிறார்கள். தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் ஒரு முறை ஆங்கில எழுத்துக்கூட்டலில் நுழைந்து வெளியே வருகிறது. என் தம்பி மகனுக்கு 'பழம்' எழுத வேண்டும் என்றால் முதலில் இசட்டும் எச்சும்தான் நினைவுக்கு வருகின்றன. நல்ல கருவி தோற்றுப்போவது இப்படித்தான்: பழகிய கருவி ஏற்கெனவே கையில் இருப்பதால்.

கடைசியாக, 1988இன் முடிவு இன்று எங்கே உறைக்கிறது என்று பார்க்கலாம். 'வணக்கம்' என்பதில் நம் கணக்கில் ஐந்து எழுத்து. யூனிகோடில் அது ஏழு குறிகள், ஏனெனில் இரண்டு புள்ளிகளும் தனி. இணையத்தில் பரவலான சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஆக 21. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொல் ஐந்து பைட்டோடு முடியும். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70 குறி. அதைத் தாண்டினால் இரண்டாவது செய்தியின் கணக்கு. சேமிப்பு மலிந்த பிறகு இது பழங்கதை என்று நினைத்திருந்தோம். இப்போது செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் உரையைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கின்றன, துண்டுக் கணக்கில்தான் காசு வாங்குகின்றன. எப்படி வெட்டுவது என்பதை அவை பெரும்பாலும் ஆங்கில உரைகளைப் பார்த்துக் கற்றதால், தமிழ்ச் சொல் பொடிப்பொடியாக நறுக்கப்படுகிறது. அதே செய்தியைத் தமிழில் கேட்டால் செலவு கூடுகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே எண் என்ற கோரிக்கை 1996இலேயே எழுந்து வென்றிருந்தால் இந்தச் சுமை ஓரளவு குறைந்திருக்கும். நறுக்கும் கத்தியை ஆங்கிலத்தில் தீட்டியிருப்பதால் முழுவதும் தீர்ந்திருக்காது.

ஆனாலும் கதவு முழுக்க மூடிவிடவில்லை. பழையதை நகர்த்த மாட்டார்கள், புதியதைச் சேர்ப்பார்கள். 2019இல் வந்த 12ஆம் பதிப்பில் தமிழுக்குத் துணைப் பட்டை ஒன்று கிடைத்தது. அரைக்கால், மாகாணி, காணி, முந்திரி என்று நம் பாட்டன்மார் நிலக்கணக்கும் நெற்கணக்கும் எழுதிய பின்னக் குறிகள் உட்பட 51 குறிகள் அதில் ஏறியிருக்கின்றன. 320இல் ஒரு பங்கான முந்திரிக்கு உலகத் தரத்தில் ஒரு எண் உண்டு. நேற்று என் கைபேசியில் அதைப் போட்டுப் பார்த்தேன். வெறும் கட்டம்தான் தெரிந்தது. அந்தக் குறியை வரைந்த எழுத்துரு இன்னும் அதற்குள் வந்து சேரவில்லை.